பதின்மூன்றாவது குறி

அத்தியாயம் பதினொன்று

காலை ஆறரை மணி. ராஜரத்தினம் பின்கட்டில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கூடத்தில் சீதா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எதிரே பிள்ளைகள் இல்லை. நான்கு நாற்காலிகள்தான்.

"பிள்ளைகளே, இது வெள்ளைக் கைக்குட்டை. இதில் ஒரு சொட்டு மை விழுந்தது. பாருங்கள், இதுதான் பாவம்."

கடைசிச் சொல்லை அவள் இழுத்துச் சொன்னாள். முழங்காலில் சிராய்ப்போடு ஓடி வரும் குழந்தையைப் பார்த்து உச்சுக் கொட்டிச் சொல்லும் 'பாவம்' அது.

சவரக்கத்தி அவர் தாடையில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு இறங்கியது.

"என்னங்க, சரியா?" என்று சீதா அங்கிருந்தே கேட்டாள். அவள் முதன்முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் 'என்னங்க.'

"சரிதான்" என்றார் ராஜரத்தினம்.

சீதா மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். அவள் பிறந்த வீடு இந்த வாடகை வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, காஜா பெராங் தெருவில் அதே வரிசையில்தான் இருக்கிறது. மிஷன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விரிவுரையாளரைக் கட்டிக்கொள்ள ஐந்து வருஷத்துக்கு முன் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். அன்று சாத்திய கதவை அண்ணன் அப்பு இன்றுவரை அவளுக்காகத் திறக்கவில்லை. அவளுக்கு வீட்டுப் பேச்சு மலாய். கோயிலுக்குப் போனாலும் ஆங்கில ஆராதனைக்குத்தான். தமிழ் அவளுக்கு அடுப்படியில் காதில் விழுந்த பாஷை, எழுத்து தெரியாது.

கல்லூரியை ஒட்டிய பாலர் வகுப்பில் ஏழு வருஷமாக அவள்தான் டீச்சர். இருபத்துநாலு பிள்ளைகள். அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை. அந்த இருபத்துநாலு மூக்கையும் துடைத்துவிட்டு வீடு திரும்பும் நாளெல்லாம் அது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

இன்றோடு அந்த வகுப்பு அவளுக்கு உண்டா, இல்லையா என்று தெரிந்துவிடும்.

மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திரத்துக்கு, இன்னும் நாலு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பாடம், எந்த மொழி, யார் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் தமிழ் ஆசிரியர்களுக்கென்று கிறிஸ்தவ நோக்கில் ஒரு முழுப் பாடத்திட்டம் அச்சாகிவிட வேண்டும் என்று கல்லூரி முடிவு செய்திருந்தது. அதை எழுதியவர் ராஜரத்தினம். இரண்டு வருஷ உழைப்பு. கணக்கில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும், சுகாதாரத்தில் பாதம் கழுவுதல், இயற்கைப் பாடத்தில் கடுகு விதை. எந்தப் பாடமும் வேதத்துக்கு வெளியே தனியாக நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதை அவர் மனதார நம்பினார். அதில் பொய் இல்லை.

இதுவரை மலாயில் நடந்த பாலர் வகுப்பும் அடுத்த தவணையிலிருந்து தமிழில், இந்தத் திட்டப்படிதான். சீதா குழுவின் முன் ஒரு மாதிரிப் பாடம் நடத்தித் தேற வேண்டும். தேறாவிட்டால் வகுப்பு விஜயாவுக்கு. விஜயா ராஜரத்தினத்தின் அக்கா மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷ மாணவி.

சீதாவுக்கு வந்தது நான்காம் பாடம். தலைப்பு, 'பாவம்.'

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜரத்தினம் பாடத்தை வாசிக்க வாசிக்க, அவள் தன் கட்டுரைப் புத்தகத்தில் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், தமிழை எழுதிக்கொண்டாள். தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் மலாய் அர்த்தம் குறித்துக்கொண்டாள். 'நோக்கம்' என்ற பத்தியை அவர் வாசிக்கவில்லை. நேரமில்லை என்றார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துத் திருத்தினார். பள்ளி பல்லியாகியிருந்தது. மழை மலையாகியிருந்தது. பன்னிரண்டு பிழைகள்.

'பாவம்' என்ற இடத்தில், ஓரத்தில் அவள் எழுதியிருந்தாள்: கெசியான்.

ஐயோ பாவம் என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. அவளுக்கு இருக்கும் ஒரே 'பாவம்' அதுதான் என்பதை அவர் அந்தக் கணத்தில் அறிந்தார். பென்சில் நின்றது. அதைத் திருத்த அரை நிமிஷம் போதும்.

அவர் அதன் மேல் 'சரி' என்று ஒரு குறி போட்டார்.

ஏன் போட்டார் என்று அதற்குப் பிறகு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டார். அவசரம் என்று ஒரு நாள் பதில் வந்தது. அசதி என்று மறுநாள். மூன்றாம் நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டார்.

*

"நாற்காலிக்குப் பாடம் சொல்றாளே, அதுக்காவது புரியுதாமா?" என்றபடி பொன்னம்மா கோப்பியை மேசையில் வைத்தாள்.

ராஜரத்தினத்தின் அக்கா. கணவர் போன பிறகு மகள் விஜயாவோடு தம்பி வீட்டில் இருக்கிறாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அதை அவள் வாயால் சொன்னதே இல்லை. சொல்லாமலே தினமும் நினைவூட்டத் தெரிந்தவள்.

"மெதுவா பேசுக்கா."

"கேட்டா என்னா? அவளுக்குப் புரியவா போவுது? பாவம்லா அவ." பொன்னம்மா சிரித்தாள். "ரத்தினம், விஜயாவைப் பார்க்க வர்றவங்க பொண்ணு டீச்சர் வேலை பாக்குதான்னு கேட்டாங்க. நான் இன்னும் பதில் சொல்லலை. இன்னிக்குச் சாயங்காலம் சொல்லலாமா?"

அவர் கோப்பியைக் குடித்தார்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இரு. அது போதும்."

சீதா உள்ளே வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் கட்டுரைப் புத்தகம், மடித்த கைக்குட்டை. "அண்ணி, நான் படிச்சாச்சு. எல்லாம் படிச்சாச்சு. ஆசீர்வாதம் பண்ணுங்க."

பொன்னம்மா அவள் தலையில் கை வைத்தாள். "நல்லா செய்டி, பாவம்."

அந்தச் சொல்லைச் சீதாவுக்குக் கற்றுக்கொடுத்தது பொன்னம்மாதான். ஐந்து வருஷமாக, நாளுக்குப் பத்துத் தடவை. ரசம் கெட்டால் பாவம். மாதம் தவறாமல் தீட்டு வந்தால் பாவம். அதில் இரக்கம் இருப்பதாகவே சீதா நம்பியிருந்தாள். இந்த வீட்டில் தனக்குக் கிடைத்த ஒரே அன்பான சொல் என்று அதைச் சேர்த்து வைத்திருந்தாள்.

*

பாலர் வகுப்பில் முன்வரிசைகளில் பிள்ளைகள். பக்கவாட்டில் மூன்று நாற்காலிகளில் குழு: ஆங்கிலேயரான பிரின்சிபால் அம்மையார், போதகர் நல்லையா, ராஜரத்தினம். பின்பெஞ்சுகளில் பயிற்சி மாணவிகள், மடியில் மதிப்பீட்டுத் தாளோடு. விஜயா கடைசியில் உட்கார்ந்திருந்தாள்.

சீதா கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். மைப்புட்டியைச் சாய்த்தாள். நீலம் பரவியது.

"இதுதான் பாவம்."

"ஐயோ, பாவம்" என்றன இரண்டு மூன்று குழந்தைக் குரல்கள். அவர்களுக்கும் தெரிந்தது அந்தப் பாவம்தான்.

சீதாவின் முகம் மலர்ந்தது. புரிந்துவிட்டது! ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தமிழில் ஒன்று சொன்னாள்; புரிந்துவிட்டது.

"பாவம் செய்தவர்கள் யார்? கை தூக்குங்கள்."

பாடத்திட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பிறகு அடைப்புக்குள் ராஜரத்தினம் எழுதியிருந்தார்: பிள்ளைகள் தலை குனிந்து மௌனமாக இருப்பார்கள், ஆசிரியர் காத்திருக்க வேண்டும்.

இருபத்துநாலு கைகளும் உயர்ந்தன.

"கண்ணம்மா, நீ சொல்லு."

"டீச்சர், எங்க பூனைக்குக் கால் ஒடஞ்சிருச்சு. நான் துணி வச்சுக் கட்டினேன்."

"நல்ல பாவம், கண்ணம்மா!"

பின்பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெய்வானை?"

"எங்கம்மா அழுதாங்க. நானும் கூட உக்காந்து அழுதேன்."

சீதா குனிந்து அவள் தலையைத் தடவினாள். "அது பெரிய பாவம். ரொம்பப் பெரிய பாவம்."

இப்போது பெஞ்சு முழுவதும் குலுங்கியது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று சீதா நினைத்தாள். மனப்பாடம் செய்ததை விட்டு, தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு மேலே போனாள். அந்தத் துணிச்சல் அவளுக்கே புதிது.

"தினம் ஒரு பாவம் செய்யணும். அம்மாக்கு, பூனைக்கு, எல்லாருக்கும். கடவுளுக்குப் பாவம் ரொம்பப் பிடிக்கும்."

போதகர் நல்லையா நாற்காலியில் அசைந்தார்.

கண்ணம்மா மறுபடி கை தூக்கினாள். "டீச்சர், இயேசு சாமி பாவம் செஞ்சாரா?"

சிரிப்பு நின்றது. சீதா ஒருமுறை கணவரைப் பார்த்தாள். 'சரிதானே' என்று கேட்கும் பார்வை. அவர் மடியிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையசைப்பு போதும். தொண்டையைச் செருமினாலும் போதும்.

தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சாரு" என்றாள் சீதா. "எல்லாரையும் விட நெறைய. சாகற வரைக்கும் செஞ்சாரு."

நல்லையா எழுந்துவிட்டார். "போதும்! நிறுத்துங்கம்மா!" அவர் கெட்ட மனிதர் அல்ல. "பாவம்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு? டோசா! டோசாம்மா!"

"தோசையா?" என்றது ஒரு குழந்தை.

பின்பெஞ்சு வெடித்தது. ஒருத்தி மதிப்பீட்டுத் தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிற மாதிரிச் சிரித்தாள். பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கண்ணம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் கேள்வியால்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

சீதா நின்றாள். டோசா. தெய்வக் குற்றத்துக்கு மலாயில் உள்ள அந்தச் சொல் அவளுக்கு நன்றாகவே தெரியும். சின்ன வயதில் ஆத்தா சொல்லிப் பயமுறுத்திய டோசா. ஆங்கில ஆராதனையில் ஞாயிறுதோறும் மண்டியிட்டு அறிக்கையிட்ட அதே டோசா. சற்று முன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த அர்த்தத்தை வைத்து மனதுக்குள் திரும்பப் படித்தாள். தினம் ஒரு. நல்ல. பெரிய. சாகற வரைக்கும். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள். மை கையில் ஒட்டியது.

"மிஸ்டர் ராஜரத்தினம்" என்றார் பிரின்சிபால் அம்மையார், இருபது வருஷமாகப் பழகிய தம் புத்தகத் தமிழில். "தாங்கள் இவருக்குப் பாடத்தை விளக்கவில்லையா?"

"வாசித்துக் காட்டினேன், அம்மையார். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்."

"வருந்த வேண்டாம், சீதா. இது மிக அழகான பிழை." அம்மையாரின் குரல் கனிவாக இருந்தது. கோபமாக இருந்திருந்தால் சீதாவால் தாங்கியிருக்க முடியும். "வருங்கால ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மிஸ்டர் ராஜரத்தினம், இதைத் தங்கள் நூலில் ஓர் உதாரணமாகச் சேர்க்க வேண்டும். பெயர் வேண்டாம். 'புறமதத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை' என்று போட்டால் போதும். நாளைக் காலை அச்சகத்துக்குப் போவதற்குள் எழுதிவிடுவீர்கள் அல்லவா?"

"எழுதிவிடுகிறேன்" என்றார் அவர்.

*

பிள்ளைகள் போன பிறகு சீதா கைக்குட்டையைக் குழாயடியில் கசக்கிக்கொண்டிருந்தாள். நீலம் வெளுத்ததே தவிரப் போகவில்லை.

"அத்தை." விஜயா கட்டுரைப் புத்தகத்தை நீட்டினாள். "மேசையிலே விட்டுட்டீங்க."

"தெரிமா காசே, விஜயா" என்று மலாயில் நன்றி சொன்னாள் சீதா. "வகுப்பு உனக்கு. நல்லா பாத்துக்கோ. தெய்வானைக்குப் பால் குடுத்தா வாந்தி. குடுக்காதே."

விஜயா போகவில்லை. வரும் வழியில் அவள் புத்தகத்தைப் புரட்டியிருந்தாள். சிரிப்பதற்காகத்தான் புரட்டினாள், தோழிகளிடம் சொல்ல இன்னும் நாலு வேடிக்கை கிடைக்கும் என்று. நாலாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இதைச் சொன்னால் வேலை போகலாம், சம்பந்தம் போகலாம், அம்மா கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால் வகுப்பு தன்னுடையது. இரக்கத்தால் சொல்கிறோமா, இந்தப் புத்தகத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல் அவள் தலையில் இறக்கிவைக்கிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"அத்தை, இந்தச் சிவப்புப் பென்சில் யாரு?"

"மாமாதான். பன்னெண்டு தப்பு திருத்தினாரு."

"பதிமூணு குறி இருக்கு."

விஜயா விரலை வைத்துக் காட்டினாள். கெசியான். அதன் மேல் நேர்த்தியாக, வால் நீண்ட ஒரு 'சரி.'

சீதா வெகுநேரம் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை" என்றாள். "இதைப் போட்டுட்டு என்கிட்டே தண்ணி கேட்டாரு. நான் எலுமிச்சை பிழிஞ்சு குடுத்தேன்."

"மாமா புத்தகத்துல முதல் பக்கத்துல ஒரு விதி இருக்கு, அத்தை. நாங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருக்கோம். அறியாததை ஆசிரியர் போதிக்கலாகாது, அறிந்ததை மறைக்கலாகாது."

"மெதுவா சொல்லு. எனக்குத் தமிழ் தெரியாது."

விஜயா மலாயில் சொன்னாள். சீதா குழாயை மூடினாள்.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு ராஜரத்தினம் எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு: 'பிழையான போதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு.' எழுத எழுத வந்தது. ஒரு பிழையான சொல்லிலிருந்து முழுப் பாடமும் எப்படிச் சரிகிறது என்பதை அவர் மிகத் தெளிவாக விளக்கியிருந்தார். இரண்டு வருஷத்தில் எழுதியவற்றிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் காது மடல் சுட்டது. ஆனாலும் எழுதினார்.

சீதா வந்து கட்டுரைப் புத்தகத்தை அந்தத் தாள்களின் மேல் விரித்து வைத்தாள்.

"என்னங்க, இது சரியா?"

அவர் பார்த்தார். "கவனிக்கலை."

"பன்னெண்டு கவனிச்சீங்க."

"சீதா, அது... அவசரத்துல..."

"பள்ளிக்குப் புள்ளி போட்டீங்க. மழைக்குக் கோடு போட்டீங்க. இதுக்கு ஏன் வால் இவ்வளவு நீளம்?" அவள் குரல் உயரவில்லை. "காலையிலே கூடக் கேட்டேன். சரிதான்னு சொன்னீங்க. வகுப்பிலே உங்களைப் பாத்தேன். நீங்க தாளைப் பாத்தீங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பொன்னம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த வகுப்பு தாங்காது. அதுக்காகத்தான்" என்றார் அவர். சொன்ன பிறகு அதுவே உண்மை போலத் தோன்றியது. கொஞ்சம் தைரியம் வந்தது. "தமிழ் தெரியாம எத்தனை நாள் ஓட்டுவே? இன்னைக்கு இல்லேன்னா இன்னொரு நாள் சிரிப்பாங்க. ஒரே தடவையிலே முடிஞ்சது நல்லதுதான். உன் மேலே இரக்கப்பட்டுத்தான்..."

"கெசியான்" என்றாள் சீதா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போதகர் ஐயா சொல்லிட்டாரு, பாவத்துக்கு ரெண்டு அர்த்தம். இப்பதான் எனக்குத் தெரியும். நீங்க செஞ்சது எது? டோசாவா, கெசியானா?" பதிலுக்கு அவள் நிஜமாகவே காத்திருந்தாள். மாணவியைப் போல. "படிச்சவங்க நீங்க. சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

வெளியே சைக்கிள் மணி ஒன்று கடந்து போனது. முத்துமாரியம்மன் கோயில் பக்கம் விளக்கு வைத்துவிட்டார்கள்.

சீதா மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். 'புறமதத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை' என்ற வரியை அவளால் வாசிக்க முடியாது. ஆனால் எழுதியது தன்னைப் பற்றி என்று தெரியும். பக்கத்தின் தலையில், வால் நீட்டி, அவர் போட்ட மாதிரியே ஒரு 'சரி' போட்டாள். பென்சிலை இருந்த இடத்தில் வைத்தாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு வாசற்கதவு.

ராஜரத்தினம் குனிந்து பார்த்தார். தாள்கள் இருந்தன. கட்டுரைப் புத்தகம் இல்லை.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இடப்பக்கம் திரும்பினால் நாலு வீடு தள்ளி அப்புவின் சாத்திய கதவு. வலப்பக்கம் திரும்பினால் தெங்கேரா சாலை; அதில் கல்லூரி, பிரின்சிபால் அம்மையாரின் பங்களா. அவர் வாசலுக்கு வந்தபோது தெரு வெறுமையாக இருந்தது. படிக்கட்டில் விஜயா மட்டும் நின்றிருந்தாள்.

"எந்தப் பக்கம் போனா?"

விஜயா அவரைப் பார்த்தாள். மாமா இன்று காலை வகுப்பில் தாளைப் பார்த்த அதே மாதிரி, தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"கவனிக்கலை, மாமா."

பின்னால் பொன்னம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். "எதுக்குடா இந்தப் பதட்டம்? உள்ளே வா, சாப்பிடு. பாவம், அவ எங்க போயிடப் போறா?"